சாமை ஒத்தடம்

நெல்லிவாசல்நாடு
17.10.2024, வியாழன்

அன்புத் தம்பி பிரகாஷுக்கு அக்கா தேவயானி எழுதறது. இங்க நானும் மாமாவும் நல்லா இருக்கோம். சுவேதாவுக்கு இடுப்பு வலி தேவலையா? நீ நேரத்துக்குச் சாப்பிடறியா, இல்ல கடையிலயே கெடக்கிறியா?

போன் இருக்கிற காலத்துல இன்னாடா இவ லெட்டர் போடறான்னு சிரிக்காதே. சிக்னலுக்கு நான் கொண்டைப்பாறை மேல ஏறணும். கம்ப்யூட்டரு வூட்டுல இருக்குது. போன வாரம் பாறை மேலேருந்து போன்ல பேசினப்ப நீ நாலு விஷயம் சொன்னே, எறங்கி வூடு வந்து சேந்தப்ப ரெண்டுதான் ஞாபகத்துல இருந்துது. எழுதிக் குடுத்தியானா பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா செய்வேன். வெள்ளிக்கிழமை சந்தைக்கு வர்ற லட்சுமணன் அண்ணன் ஜீப்புல குடுத்தனுப்பு.

விஷயம் இதுதான். நீ ஆனி மாசம் செஞ்சு குடுத்த கம்ப்யூட்டரு மூணு மாசம் ராஜாவாட்டம் ஓடிச்சு. இப்ப பத்து நாளா மக்கர் பண்ணுது. சுவிட்சு போட்டா விசிறி சுத்துது, எழுத்து ஓடுது, ஜன்னல் படம் வருது, அப்டியே பொட்டுனு அணைஞ்சு திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்குது. நாலு தடவை, அஞ்சு தடவை. நேத்து நீலமா ஒரு திரை வந்து அதுல அழுவுற மூஞ்சி ஒண்ணு தெரிஞ்சுது. பாஞ்சாலை அக்கா எட்டிப் பாத்துட்டு, "ஐயய்யோ, அதுவே அழுவுதுடி, விட்டுடு பாவம்"னு சொல்லிட்டுப் போய்டுச்சு.

விட முடியுமாடா? முப்பத்தெட்டு குடும்பத்து நில மனுவும் அதுக்குள்ளதான் இருக்குது. எந்தக் கொல்லை யாருது, எந்தப் புளிய மரம் எல்லை, எந்தத் தாத்தா காலத்துலேருந்து சாமை வெதைக்கிறாங்க, அத்தனையும் வூடு வூடா போயி கேட்டு அங்கன்வாடி விட்டு வந்து ராத்திரி ராத்திரி அடிச்சது. ஜனவரி 26 கிராம சபையில எல்லார் முன்னாடியும் படிச்சு கையெழுத்து வாங்கணும். தவறினா, மார்ச்சு சபை தண்ணிப் பேச்சோட போய்டும், அப்புறம் மே மாசம்தான். ஊருக்கே மூத்தவரு கோபால்சாமி மாமா, அவருக்கு இப்பவே எழுந்து நடக்க முடியல. மே மாசம் வரைக்கும் இருக்கிறேனோ இல்லையோன்னு அவரு வாயாலயே சொல்றாரு.

கீழ எடுத்துக்கிட்டு வா, ஒரு மணி நேரத்துல பாத்துடறேன்னு சொல்லாதே. உனக்கே தெரியும். ரெண்டு வருசத்துக்கு முன்ன ஒருத்தன் டைப் அடிச்சுத் தர்றேன்னு நம்ம காகிதத்தையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துட்டுப் போனான், அவனும் வரல, காகிதமும் வரல. அதுலேருந்து காளியம்மன் கோயில்ல ஊரே சூடம் அடிச்சு சத்தியம் பண்ணியிருக்குது, கையெழுத்து ஆகாத காகிதம் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாதுன்னு. நான் கோபால்சாமி மாமாகிட்ட, இது காகிதம் இல்லியே, பொட்டிதானேன்னு கேட்டேன். "அதுக்குள்ள எங்க பேரெல்லாம் இருக்குதில்ல? அப்ப அதுவும் காகிதம்தான்"னு சொல்லிட்டாரு. அவரு சொல்றதுல தப்பும் இல்ல.

அதனால நீயே ஒரு எட்டு வந்துட்டுப் போ. உன்னைப் பாத்தும் நாளாச்சு.

உன் அக்கா
தேவயானி


ஒடுகத்தூர்
25.10.2024, வெள்ளி

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் லெட்டர் கெடச்சுது. சுவேதாவுக்குப் பரவாயில்ல, நீ சொன்ன வெந்தயக் களி நல்லா கேக்குது. மாமாவுக்கு என் வணக்கம். கோபால்சாமி மாமா தீர்ப்பைப் படிச்சிட்டுக் கடையில தனியா உக்காந்து சிரிச்சேன். அவரு படிச்சிருந்தா பெரிய ஜட்ஜு ஆயிருப்பாரு போ!

பயப்படாதே. அழுவுற மூஞ்சி வந்தா கம்ப்யூட்டரு செத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. வவுத்து வலி, சொல்லத் தெரியாம அழுவுதுன்னு வெச்சுக்கோ. நான் சொல்றதை இதே வரிசையில செய். முதல் வேலை, எப்ப நல்லா ஓடுதோ அப்ப மனு மொத்தத்தையும் பென்டிரைவுல காப்பி எடுத்துடு. வேற எதுவும் அப்புறம்தான். ரெண்டாவது, மிக்ஸி, டிவி எதுவும் ஓடாத நேரத்துல போட்டுப் பாரு, வோல்டேஜ் கொறைச்சலா இருக்கலாம். பின்னாடி இருக்கிற ஒயரெல்லாம் கழட்டி இறுக்கமா மாட்டு. பிரிண்டர் ஒயரைக் கழட்டிட்டு ஒருநாள் பாரு.

ஒண்ணு மட்டும் நல்லா ஞாபகம் வெச்சுக்கோ. பின்பக்கம் மேல, கரண்டு ஒயர் சொருகற எடத்துல உள்ள ஒரு டப்பா இருக்கும். அதைத் தொடாதே. ப்ளக்கைப் புடுங்கினாலும் அதுக்குள்ள கரண்டு நிக்கும், ஷாக் அடிக்கும்.

வரணும்னுதான் ஆசை. தீபாவளி நேரம், ஒரே ஆளு, கடையை மூட முடியல. என்கிட்ட இருந்த லேப்டாப்பையும் வித்துட்டேன், இல்லன்னா அதையாச்சும் குடுத்தனுப்பியிருப்பேன். கோச்சிக்காதே.

தம்பி
பிரகாஷ்


நெல்லிவாசல்நாடு
7.11.2024, வியாழன்

அன்புள்ள பிரகாஷ்,

நீ அனுப்பின அதிரசம் வந்துது. மாமா ஒண்ணுகூட மிச்சம் வெக்கல. உங்க ரெண்டு பேருக்கும் ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே? இங்க மழை விட்டு விட்டுப் பேயுது. எனக்கு லேசா சளி, அவ்வளவுதான்.

நீ சொன்னதையெல்லாம் சொன்ன வரிசையிலயே செஞ்சேன். பென்டிரைவுல முப்பத்தெட்டும் ஏத்தியாச்சு. உடனே கோபால்சாமி மாமாகிட்டக் கொண்டு போயி காட்டி, இதையாவது கீழ அனுப்பட்டுமான்னு கேட்டேன். சுண்டு விரல் அளவு இருக்கிறதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "முப்பத்தெட்டு வூடும் இதுக்குள்ளயா?"ன்னாரு. ஆமான்னேன். "அப்ப இதுதான் இன்னும் ஜாக்கிரதையா இருக்க வேண்டியது"ன்னு வாங்கி கோயில் உண்டியல் சாவியோட சேத்து இடுப்புல முடிஞ்சுக்கிட்டாரு. போச்சா!

மிக்ஸி ஓடாதப்பவும் மக்கர்தான். பிரிண்டரைக் கழட்டினாலும் மக்கர்தான். ஒயரெல்லாம் இறுக்கமாத்தான் இருக்குது.

நான் ஒரு வேலை பண்ணியிருக்கேன். அங்கன்வாடியில கொழந்தைங்க எடை எழுதற மாதிரி ஒரு நோட்டு போட்டிருக்கேன். தேதி, மணி, மழையா வெயிலா, எத்தினி தடவை சுவிட்சு போட்டா நிக்குது, எந்தப் படத்துல அணையுது, எல்லாம் கட்டம் போட்டு எழுதறேன். ஒருநாள் எடையைப் பாத்து ஒரு கொழந்தையை நோஞ்சான்னு சொல்லிட முடியாது. மூணு மாசம் எழுதிப் பாத்தாத்தான் அது எங்க சறுக்குதுன்னு தெரியும். இதுவும் அப்டித்தான்னு எனக்குத் தோணுது. நீ இன்னா சொல்றே?

தீபாவளி முடிஞ்சுதில்ல, இப்ப வாயேன். மொச்சை காய்ச்சுக் கெடக்குது, கொழம்பு வெச்சுத் தர்றேன்.

அக்கா
தேவயானி


ஒடுகத்தூர்
15.11.2024

அக்காவுக்கு,

உனக்குச் சளி விட்டுச்சா? தூதுவளை ரசம் வெச்சுக் குடி. இங்க நாங்க ரெண்டு பேரும் சவுக்கியம்.

நோட்டு போடறது நல்ல யோசனைதான், ஆனா கம்ப்யூட்டரு கொழந்தை இல்ல அக்கா. எனக்கு ரேம் மேலதான் சந்தேகம். பக்கத்து மூடியில ரெண்டு திருகு இருக்கும். ப்ளக்கைப் புடுங்கிட்டு, திருகைக் கழட்டி மூடியை எடு. பச்சைப் பலகை மேல ஸ்கேல் மாதிரி ரெண்டு பட்டை நின்னுக்கிட்டு இருக்கும், அதுதான் ரேம். ரெண்டு பக்கமும் இருக்கிற கிளிப்பை அமுக்கினா எழுந்துக்கும். தங்கக் கலர்ல இருக்கிற ஓரத்தைக் கொழந்தைங்க ரப்பரால மெதுவா தேச்சு, ஊதிட்டு, திரும்பச் சொருகு. டக்குனு சத்தம் கேக்கணும். படம் போட்டு அனுப்பியிருக்கேன். தொடறதுக்கு முன்ன இரும்புச் சட்டத்துல ஒரு தடவை கையை வெச்சுக்கோ.

மேல இருக்கிற கரண்டு டப்பா பக்கம் போகவே போகாதே. மறுபடியும் சொல்றேன், கண்ணாலகூட அதைப் பாக்க வேணாம்.

முட்டி வலி, ஜீப்புல அவ்வளவு தூரம் உக்கார முடியல. கார்த்திகைக்குப் பாக்கலாம்.

தம்பி
பிரகாஷ்


நெல்லிவாசல்நாடு
5.12.2024, வியாழன்

அன்புத் தம்பிக்கு,

புயல் மழையில ரோட்டுல மரம் சாஞ்சு ரெண்டு வாரமா ஜீப் வரல. அதான் லேட்டு. நாங்க பத்திரமா இருக்கோம், ஓடு ரெண்டு பறந்துச்சு, மாமா ஏறி மாத்திட்டாரு. உங்க பக்கம் தண்ணி நின்னுச்சாமே, கடைக்குள்ள வரலியே?

மூடியைக் கழட்டினேன்டா! ஊர்ல பாதிப் பேரு வாசல்ல. "ஐயோ தேவயானி, வெடிக்கப் போவுது"ன்னு பாஞ்சாலை அக்கா தூணுக்குப் பின்னாடி. நீ போட்ட படத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, ரப்பரால தேச்சு, ஊதி, சொருகினேன். டக்குனு கேட்டுச்சு. உள்ள எல்லாத்தையும் நல்லாப் பாத்தேன். ஒயரையெல்லாம் நீ எவ்வளவு நறுவிசா கட்டி வெச்சிருக்கே! பின்னி விட்ட ஜடையாட்டம். எனக்குப் பெருமையா இருந்துது. எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன், பாருங்க, எங்க தம்பி கை வேலைன்னு. அப்புறம் மூடியைப் போட்டுட்டேன். உன் கையெழுத்து மட்டும் இன்னும் கோழி கிளறின மாதிரிதான்டா இருக்குது, எங்க பாத்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

ரேம் தேச்சதுல ஒண்ணும் மாறல. ஆனா நோட்டுல ஒண்ணு தெரியுது. நாப்பது நாள் கட்டத்தையும் இதோட காப்பி எழுதி அனுப்பியிருக்கேன். காலையில ஆறு மணிக்குப் போட்டா ஏழு தடவை, எட்டு தடவை. சாயங்காலம் நாலு. மத்தியானம் நான் அங்கன்வாடியில இருப்பேன், அதனால ஞாயித்துக்கிழமைதான் மத்தியானம் எழுதியிருக்கேன். வெயில் அடிச்ச ஞாயிறுன்னா ஒண்ணு, இல்ல ரெண்டு. மழை ஞாயிறு மட்டும் மத்தியானத்துலயும் அஞ்சு. கோளாறு கரண்டுலயும் இல்ல, மிக்ஸியிலயும் இல்ல. அதுக்குக் குளிருதுடா. வெயில் காலத்துல ஓடி, புரட்டாசி கடைசியில மழை புடிச்சதும் மக்கர் பண்ணுது பாரு. உள்ள ஏதோ ஒண்ணுக்குக் குளிர் தாங்கல. எதுக்குன்னுதான் தெரியணும்.

முட்டி வலியோட நீ மெனக்கெட்டு வர வேணாம். நான் பாத்துக்கிறேன். எழுது போதும்.

அக்கா
தேவயானி


ஒடுகத்தூர்
13.12.2024

அக்காவுக்கு,

இங்க எல்லாரும் நலம். கடைக்குள்ள தண்ணி வரல. அங்க குளிர் அதிகமா இருக்கும், மாமாவைக் காதுல துணி கட்டிக்கச் சொல்லு.

உன் கட்டத்தைப் பாத்தேன். மூணு தடவை பாத்தேன். பத்து வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன், ஒரு வாடிக்கையாளர்கூட இப்படி எழுதிக் குடுத்ததில்ல. "ஓடலப்பா"ன்னு வெச்சிட்டுப் போவாங்க, அவ்வளவுதான். நானும் இப்படி எழுதிப் பாத்ததில்ல. கம்ப்யூட்டரு கொழந்தை இல்லன்னு சொன்னேன் பாரு, என் வாயில அடிக்கணும்.

குளிர்னா ஹார்டு டிஸ்க்கா இருக்கலாம். உள்ள சுத்தறது குளிர்ல இறுகும். மதர்போர்டு, அதான் அந்தப் பச்சைப் பலகை, அதுவாவும் இருக்கலாம். கொஞ்சம் யோசிக்கிறேன்.

நீ வான்னு கூப்பிடறதை நிறுத்திட்டே. கோவமா?

தம்பி
பிரகாஷ்


நெல்லிவாசல்நாடு
26.12.2024, வியாழன்

அன்புள்ள பிரகாஷ்,

கோவம் இன்னாடா கோவம். நீ யோசிக்கிறேன்னு சொல்லிட்டு ஒண்ணுமே எழுதாம விட்டதும் ஒடம்புக்கு ஏதாச்சும் ஆயிடுச்சோன்னுதான் கவலை. உன்னைக் கடையில பாத்தேன்னு லட்சுமணன் அண்ணன் சொன்னாரு, நல்லாத்தான் இருக்கான்னாரு. சுவேதாவுக்குக் கம்பளி அனுப்பியிருக்கேன், போத்திக்கச் சொல்லு.

நீ சிரிக்கப் போறே. சிரி. நான் கம்ப்யூட்டருக்கு ஒத்தடம் குடுத்தேன்.

கொழந்தைக்கு வவுறு வலின்னா எங்க வலிக்குதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. இங்க தொட்டு, அங்க தொட்டு, எங்க வெச்சா அழுவையை நிறுத்துதோ அங்கதான். அப்டித்தான் இதையும் பாத்தேன். உப்பு வறுத்துக் கட்டினா கொட்டிடுச்சுன்னா ஆபத்துன்னு எனக்கே தோணுச்சு. அதனால சாமையை நல்லா வறுத்து, ரெண்டு துணியில கட்டி, பொட்டிக்கு வெளியிலதான் வெச்சேன், உள்ள இல்ல. தெனம் காலையில ஆறு மணி, தெனம் கால் மணி நேரம், எடுத்துட்டு சுவிட்சு. முதல் ரெண்டு நாள் ஒண்ணும் வெக்காம போட்டேன், எட்டு தடவை, ஏழு தடவை. அப்புறம் ரெண்டு நாள் முன்பக்கம் கீழ, டிஸ்க்கு இருக்கிற எடத்துல. எட்டு, எட்டு. அப்புறம் ரெண்டு நாள் பக்கவாட்டுல, பச்சைப் பலகைக்கு நேரா. ஆறு, ஏழு. கடைசி ரெண்டு நாள் பின்னாடி மேல, நீ தொடாதே தொடாதேன்னு சொன்னியே, அந்த டப்பாவுக்கு நேரா, வெளியில.

ஒண்ணு. மறுநாளும் ஒண்ணு.

முதல் தடவையிலயே வந்து நின்னுச்சுடா! மாமா பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தவரு அப்டியே ஓடி வந்து பாத்தாரு. கோபால்சாமி மாமாவைக் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தாங்க. அவரு அந்தச் சாமை மூட்டையை மோந்து பாத்துட்டு, "நம்ம கொல்லை சாமைதானே, அதான் வேலை செய்யுது"ன்னாரு.

இப்ப தெனம் ஒத்தடம் குடுத்துட்டு அச்சு எடுக்கிறேன். பதினொரு குடும்பம் முடிஞ்சுது. இப்டியே போனா பொங்கலுக்குள்ள முப்பத்தெட்டும் முடிச்சுடலாம். உனக்குச் செலவும் இல்ல, அலைச்சலும் இல்ல. நீ ஒண்ணும் கவலைப்படாதே.

அக்கா
தேவயானி


ஒடுகத்தூர்
27.12.2024, வெள்ளி, சாயங்காலம்

அக்கா,

இந்த லெட்டரைப் படிச்ச உடனே ப்ளக்கைப் புடுங்கிடு. படிச்சு முடிக்கக்கூட வேணாம், முதல்ல புடுங்கிட்டு வா.

புடுங்கிட்டியா? இனிமே ஒத்தடம் குடுத்து ஒருநாள்கூட ஓட்டாதே. அந்தக் கரண்டு டப்பாதான் கெட்டுப் போயிருக்குது. இன்னிக்குச் சூடு காட்டினா எழுந்துக்குது, நாளைக்குப் போற நேரத்துல அது சும்மா போவாது. மதர்போர்டையும் டிஸ்க்கையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும். பென்டிரைவுல மனு இருந்தாலும் அச்சு எடுக்கப் பொட்டி இருக்காது. இது எனக்கு நல்லாத் தெரியும்.

லட்சுமணன் அண்ணனை ஜீப்போட நிக்க வெச்சிட்டு இதை எழுதறேன். புது டப்பா குடுத்தனுப்பியிருக்கேன், சீல் பிரிக்காதது. நாலு திருகுதான். படம் நாலு பக்கம் போட்டிருக்கேன், எந்த ஒயர் எங்க இருந்துச்சோ அங்கதான் போவும், மாத்திச் சொருகினா ஏறவே ஏறாது, அதனால பயமே வேணாம். ப்ளக்கைப் புடுங்கி ஒரு ராத்திரி அப்டியே விட்டுட்டு மறுநாள் காலையில கழட்டு. அந்த டப்பாவை மட்டும் பிரிக்காதே, உள்ள கரண்டு நிக்கும்னு சொன்னது நெசம்தான்.

பழசை யார்கிட்டயும் காட்டாதே. துணியில சுத்தி எனக்கே அனுப்பிடு.

உன்னால முடியும். சாமையை வறுத்து நோவு கண்டுபிடிச்சவளுக்கு நாலு திருகு ஒரு விஷயமா? எங்க கடைத் தெருவுல இருக்கிற எந்த மெக்கானிக்குக்கும் இது தோணியிருக்காது. எனக்கும் தோணல. தோணியிருக்கணும்.

எல்லாரும் நலம்னு நம்பறேன். அவசரத்துல கேக்க மறந்துட்டேன்.

பிரகாஷ்


நெல்லிவாசல்நாடு
9.1.2025, வியாழன்

அன்புத் தம்பிக்கு,

நாங்க நலம். நீ அவ்வளவு பதறி எழுதினதுல, முதல் வரியிலயே ஓடிப் போயி ப்ளக்கைப் புடுங்கிட்டேன். சுவேதா நல்லா இருக்காளா? நீ தூங்கறியா?

போட்டுட்டேன்! நாலு திருகு, ரெண்டு பெரிய சொருகு, ரெண்டு சின்ன சொருகு. மாமா டார்ச் புடிச்சாரு. ஒரு ஒயர் மட்டும் எட்டல, நீ எழுதினபடியே பின்பக்கமா சுத்தி எடுத்தேன், எட்டிடுச்சு. மறுநாள் காலையில ஆறு மணி, வெளியில பனி மூடியிருக்குது, ஒத்தடமும் இல்ல ஒண்ணும் இல்ல. சுவிட்சு போட்டேன். ஒரே தடவை. நோட்டுல "1"ன்னு எழுதறப்ப கண்ணு கலங்கிடுச்சுடா. அன்னியிலேருந்து தெனம் ஒண்ணுதான். இருவத்தொம்போது குடும்பம் அச்சாயிடுச்சு. கோபால்சாமி மாமா தன் மனுவை வாங்கி, எழுத்து படிக்கத் தெரியாட்டியும் அவரு பேரு எங்க இருக்குதுன்னு காட்டச் சொல்லி, அது மேல விரலை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு.

உன் பழைய டப்பாவை நல்லாத் தொடைச்சு, துணியில சுத்தி அனுப்பியிருக்கேன். அது எல்லைக்கல்லைத் தாண்டலாமான்னு கோபால்சாமி மாமாகிட்ட முறைப்படி கேட்டேன். "அதுல எங்க பேரு இருக்குதா?"ன்னாரு. உங்க பேரு யாருதும் இல்ல மாமான்னு சொன்னேன். "அப்ப போவட்டும்"ன்னாரு.

ஊர்ல எல்லாரும் உன்னை வாய் நெறையப் பேசறாங்க. பொங்கலுக்குப் புது சாமை அனுப்பறேன்.

அக்கா
தேவயானி


ஒடுகத்தூர்
17.1.2025, வெள்ளி

அக்காவுக்கு,

சாமை வந்துது. பொங்கல் நல்லா இருந்துது. நாங்க நலம்தான். ஆனா தூங்கறியான்னு கேட்டிருந்தே. தூங்கல.

துணியைப் பிரிச்சு டப்பாவைப் பாத்தேன். அதோட முதுகுல நாலு பக்கமும் அழுக்குக் கோடு இருக்குது, நடுவுல மட்டும் சுத்தமா இருக்குது. அங்க ஒரு சீட்டு இருந்துது. இருந்துதுன்னு எனக்குத் தெரியும், ஒட்டினவன் நான்தான்.

சொல்லிடறேன். போன வருசம் தை மாசம் ஒருத்தரு அதைக் கழட்டிக் குடுத்தாரு, காலையில ஓட மாட்டேங்குதுன்னு. நான் மத்தியானம் கடையில போட்டுப் பாத்தேன், நல்லா ஓடிச்சு. இருந்தாலும் மனசு ஒப்பல. சந்தேகமான சாமான் எதுவானாலும் சீட்டு ஒட்டித் தனியா வெக்கிறது என் கடை வழக்கம். சிவப்பு இங்கில எழுதி ஒட்டினேன். ஆனி மாசம் உனக்குப் பொட்டி செய்யறப்ப புது டப்பா வந்து சேரல. அன்னிக்குன்னு பாத்து பொட்டியை எடுத்துட்டுப் போக நம்ம ஊரே ரெண்டு ஜீப்புல எறங்கி வந்துடுச்சு, மேளத்தோட. நம்ம மலையிலேருந்து வந்து கடை வெச்ச முதல் பையன்னு கோபால்சாமி மாமா தெருவுல நின்னு எல்லார்கிட்டயும் சொல்றாரு. அப்ப போயி, இன்னும் முடியல, அடுத்த வாரம் வாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதை எடுத்து மாட்டிட்டேன். பத்து நாள்ல வந்து மாத்திடலாம்னு நெனச்சேன். வரல. அப்புறம் உன் லெட்டர் வந்துது.

முட்டி வலி பொய். தீபாவளி கூட்டமும் பொய். வந்தா உன் முன்னாடி அந்த மூடியைத் திறக்கணும், அதான் வரல. ஷாக் அடிக்கும்னு சொன்னது நெசம், ஆனா அதுக்காக மட்டும் சொல்லல. உன் நாப்பது நாள் கட்டத்தைப் பாத்தப்ப எனக்கு வேர்த்துப் போச்சு. அப்பவே தெரிஞ்சுடுச்சு. தெரிஞ்சும் டிஸ்க்குன்னு எழுதினேன் பாரு, அதைத்தான் என்னால மன்னிக்க முடியல. நீ பனியில ஆறு மணிக்கு எழுந்து சாமை வறுத்துக்கிட்டு இருந்திருக்கே. நான் இங்க போத்திக்கிட்டுப் படுத்திருந்தேன்.

சுவேதாகிட்டச் சொன்னேன். "உங்க அக்கா உங்களைக் காப்பாத்தறாங்க, நீங்க யாரைக் காப்பாத்தறீங்க?"ன்னு கேட்டா.

கடையில இப்ப ஒரு நோட்டு போட்டிருக்கேன். வர்ற ஒவ்வொரு பொட்டிக்கும் கட்டம் போட்டு எழுதறேன். காலையிலயும் போட்டுப் பாக்கறேன்.

26-ஆம் தேதி நான் வரட்டுமா? சபையில எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். நீ வேணாம்னா வரல.

பிரகாஷ்


நெல்லிவாசல்நாடு
23.1.2025, வியாழன்

அன்புத் தம்பி பிரகாஷுக்கு,

அக்கா நல்லா இருக்கேன். மாமாவும் நல்லா இருக்காரு. முப்பத்தெட்டும் அச்சாகி, மஞ்சத் துணியில கட்டி, கோயில்ல இருக்குது.

வா. இது கேக்கற கேள்வியாடா? இந்த லெட்டர் கைக்கு வந்ததும் கடையைச் சாத்திட்டு லட்சுமணன் அண்ணன் கூடவே ஏறி வா, சுவேதாவையும் கூட்டிட்டு வா. இங்க குளிருக்குக் கனமான போர்வை ரெண்டு எடுத்துக்கோ. உன் முட்டி வலியை அங்கயே வெச்சிட்டு வா.

சபையில ஒண்ணும் பேச வேணாம். அன்னிக்கு அங்க நம்ம ஊர் நெலத்துப் பேச்சுதான் பேசணும், நம்ம பேச்சு இல்ல. கோபால்சாமி மாமாகிட்ட மட்டும் தனியா சொல்லிடு. உன்னைப் பத்தித் தெருவுல நின்னு சொன்னவரு அவருதானே. திட்டுவாரு, வாங்கிக்கோ. அப்புறம் சாப்பிடச் சொல்லுவாரு. அன்னிக்கு உனக்கு வேற வேலை இருக்குது. மனுவெல்லாம் நீதான் சத்தமா படிக்கணும். எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு.

அந்தச் சீட்டு என்கிட்டதான் இருக்குது. ரேம் தேச்ச அன்னிக்கே, எல்லாருக்கும் ஒயரைக் காட்டிட்டு இருந்தப்ப பாத்துட்டேன். மூடியை நான் சீக்கிரம் போட்டது அதனாலதான், வாசல்ல இருந்தவங்க கண்ணுல படக் கூடாதுன்னு. டப்பாவைக் கழட்டின அன்னிக்கு ஈரத் துணி வெச்சு ஊற விட்டு, கிழியாம எடுத்து, நோட்டோட முதல் பக்கத்துல ஒட்டியிருக்கேன். "மக்கர். யாருக்கும் போடக் கூடாது. பிரகாஷ்." யாரும் கேக்காமலே, யாரும் பாக்காத எடத்துல அப்படி எழுதி வெக்கிற ஆளு எத்தினி பேரு இருப்பாங்க சொல்லு? அதை எழுதினவனை எனக்குத் தெரியும், அவன் நான் வளத்த புள்ள. மேளச் சத்தத்துல ஒருநாள் அவனுக்குப் புத்தி கெட்டுப் போச்சு, அவ்வளவுதான். நீ ஷாக் அடிக்கும்னு எழுதின ஒவ்வொரு தடவையும், இவன் வந்து சொல்லிடுவான், வந்து சொல்லிடுவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். லேட்டா வந்தாலும் வந்துட்டே.

ஒண்ணு மட்டும் உனக்குத் தெரியணும். என்னை ஒரேயடியா புகழ்ந்து எழுதியிருக்கே, எங்க வலின்னு தேடிக் கண்டுபிடிச்சேன்னு. எனக்கு எங்கன்னு முன்னாடியே தெரியும்டா. தெரிஞ்சும், வேற எதுவாச்சும் இருக்கட்டும் தாயே, எங்க தம்பி மேல பழி வராம இருக்கட்டும்னு காளியம்மனை வேண்டிக்கிட்டுத்தான் மத்த ரெண்டு எடத்துலயும் முதல்ல ஒத்தடம் வெச்சேன்.

மொச்சைக் கொழம்பு வெச்சிருப்பேன். ராத்திரிக்குள்ள வந்து சேருங்க.

உன் அக்கா
தேவயானி